நம்மூர்க்காரர் என்பது முகவரிச் சான்று அல்ல

தில்லிக்கு முதன்முதலாக வேலைக்கு வரும் தமிழரின் பெட்டியில் மூன்று பொருள்கள் தவறாமல் இருக்கும். அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய் பாட்டில். ஊரில் வாங்கிய, தில்லிக் குளிருக்குச் சற்றும் போதாத ஒரு ஸ்வெட்டர். ஒரு தொலைபேசி எண். முன்பெல்லாம் அந்த எண் டயரியிலிருந்து கிழித்த தாளில் இருந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் இருக்கிறது. எண்ணுக்கு உரியவரை வந்தவர் பார்த்ததில்லை. சித்தப்பாவின் ஆபீஸ் நண்பருடைய மைத்துனர் என்ற அளவில் ஒரு தொடர்பு. ஆனாலும் அவரைப் பற்றிச் சந்தேகம் எதுவும் எழுவதில்லை. 'நம்மூர்க்காரர்தானே' என்ற ஒரு சொல்லில் எல்லா விசாரணையும் முடிந்துவிடும்.

இந்தச் சொல்லை நம்பித்தான் பல தலைமுறைத் தமிழர்கள் இந்த நகரத்தில் கூரை தேடியிருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு நல்லதே நடந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர், முதல் சம்பளம் வரும்வரை வாடகையைத் தானே கட்டியவர் என்று நன்றியுடன் நினைவுகூர ஒவ்வொரு தில்லித் தமிழருக்கும் ஒருவராவது உண்டு. பிரச்னை அந்த நல்லவர்களைப் பற்றியதல்ல. கெட்டவர் ஒருவர் வாய்த்துவிடும்போது, வந்தவர் கையில் பிடித்துக்கொள்ள ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் போவதைப் பற்றியது.

இதைப் புரிந்துகொள்ளக் கிட்வாய் நகரை விடப் பொருத்தமான இடம் இல்லை. ரிங் ரோடும் அரவிந்தோ மார்க்கும் சந்திக்கும் இடத்தை ஒட்டிய பகுதி. எய்ம்ஸும் சப்தர்ஜங் மருத்துவமனையும் கூப்பிடு தூரத்தில். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட் நடக்கும் தூரத்தில். லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. சற்றுத் தள்ளி ராமகிருஷ்ணபுரத்தில் தமிழ்ச் சங்கமும் மலை மந்திரும். மத்திய அரசு ஊழியர்களுக்காகச் சுதந்திரத்துக்குப் பின் உருவான குடியிருப்பு இது. நேரு அமைச்சரவையில் உணவு அமைச்சராக இருந்து 1954-இல் மறைந்த ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கியது. 1952-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியபோது தில்லியிலிருந்து அதற்கு ஆதரவாக நின்றவர் கிட்வாய். கட்டுப்பாடுகளை அகற்றியவர் என்று பெயரெடுத்தவரின் பெயரில் அமைந்த நகரில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் பின்பற்றியவர்களுக்குத்தான் பஞ்சம்.

அரசு குவார்ட்டர்ஸை ஊழியர் வேறொருவருக்கு வாடகைக்கு விடக் கூடாது. 1963-ஆம் ஆண்டு ஒதுக்கீட்டு விதிகளும் சரி, அவற்றுக்குப் பதிலாக 2017-இல் வந்த விதிகளும் சரி, இதில் தெளிவாகவே இருக்கின்றன. பிடிபட்டால் ஒதுக்கீடு ரத்து, அபராத வாடகை, இலாகா நடவடிக்கை. ஆனால் நடைமுறை வேறு. குறைந்த சம்பளக்காரருக்குப் பின்னறையை விட்டால் வரும் காசு மளிகைக்கு ஆகும். புதிதாக வந்த பையனுக்கோ அலுவலகத்துக்கு அருகில் மலிவாக ஓர் அறை. இருவருக்கும் லாபம். ஆகவே ரசீது கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. எஸ்டேட் இலாகாவிலிருந்து சோதனைக்கு வந்தால் வாடகைக்காரர் அன்று ஒருநாள் வீட்டுக்காரரின் மச்சான் ஆகிவிடுவார். அல்லது எய்ம்ஸில் வைத்தியத்துக்காக வந்திருக்கும் பெரியப்பா மகன் ஆகிவிடுவார். தில்லியில் இப்படி ஒருநாள் உறவுகள் எத்தனையோ உண்டாகிக் கலைந்திருக்கின்றன.

சிரிக்கத்தக்க விஷயம்தான். ஆனால் இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். அந்தப் பின்னறையில் மூன்று ஆண்டுகள் வசித்தவர் சட்டத்தின் கண்ணில் அங்கே வசிக்கவே இல்லை. அவரிடம் முகவரிச் சான்று இல்லை. அட்வான்ஸ் கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லை. இரவு பத்து மணிக்குப் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தால் யாரிடமும் போய் முறையிட முடியாது. முறையிட்டால் முதல் கேள்வியே 'நீ இங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்?' என்பதாக இருக்கும். ஒரே அறையில் அவருடன் தங்கிய இன்னொருவர் பணத்தைத் திருடினாலும் இதே கதிதான். திருடியவரும் ஆவணங்களில் இல்லாதவர், இழந்தவரும் இல்லாதவர்.

கிழக்குக் கிட்வாய் நகரில் அந்தப் பழைய வீடுகள் இப்போது இல்லை. 86 ஏக்கரில் அவற்றை இடித்துவிட்டு என்.பி.சி.சி. நிறுவனம் அடுக்குமாடிகளாக 4,600-க்கும் மேற்பட்ட புதிய வீடுகளைக் கட்டியது. சரோஜினி நகர், நௌரோஜி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளையும் இடித்துக் கட்ட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மரங்களை வெட்டுவதற்கு எதிராக 2018-இல் மக்கள் தெருவுக்கு வந்ததும், உயர் நீதிமன்றம் தலையிட்டதும் செய்தியாயின. செய்தியாகாமல் போனவை பின்னறைகளும் மொட்டை மாடியில் இருந்த பர்சாத்திகளும். அவற்றில் கணக்கில்லாமல் இருந்தவர்கள் கணக்கில்லாமலே கலைந்தார்கள். கோட்லா முபாரக்பூர், முனிர்க்கா, லட்சுமி நகர் என்று பெயர்கள் மாறின. ஐ.ஏ.எஸ். கனவுடன் வருகிறவர்களுக்கு ராஜேந்திர நகரும் முகர்ஜி நகரும். இடம் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. காகிதத்தில் ஒன்று, நடைமுறையில் இன்னொன்று.

அந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதை 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜேந்திர நகரில் பார்த்தோம். பொருள்கள் வைக்க மட்டுமே அனுமதி பெற்ற ஒரு அடித்தளத்தில் பயிற்சி மையம் நூலகம் நடத்தியது. மழை வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது தங்கும் அறை அல்ல என்பது உண்மை. ஆனால் அறை பார்க்கப் போகும் யாரும் கேட்க வேண்டிய முதல் கேள்வியை அது எழுப்புகிறது: இந்த இடம் காகிதத்தில் என்னவாக இருக்கிறது?

தமிழில் 'ரூம்மேட்' என்பதற்கு அறைத் தோழர் என்று எழுதுகிறோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்தச் சொல் எப்போதும் சற்றே உறுத்தும். தோழமை இருக்கும் என்று அது முன்கூட்டியே உறுதி கொடுத்துவிடுகிறது. தில்லிக்காரர்கள் 'ரூம் பார்ட்னர்' என்கிறார்கள். அதைத் தமிழில் நேராகச் சொன்னால் 'அறைப் பங்காளி'. இதுதான் பொருத்தம் என்று தோன்றுகிறது. பங்காளி என்ற சொல்லில் உறவும் இருக்கிறது, வரப்புத் தகராறும் இருக்கிறது. பாகம் பிரித்து எழுதிக்கொள்ளும் வரை பங்காளிகள் நிம்மதியாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை. சென்னையின் ஒண்டுக் குடித்தனங்களில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். குழாயடி முறை, கழிப்பறை கழுவும் முறை, வாசல் விளக்கின் மின் கட்டணம் என்று எல்லாவற்றுக்கும் அங்கே கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு அற்பமாகத் தெரிந்தாலும் பத்துக் குடும்பங்களைச் சேர்ந்து வாழவைத்தது அதுதான்.

ஆகவே அறைப் பங்காளியைத் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது 'எந்த ஊர், எந்தத் தெரு' என்பதல்ல. 'எங்கே வேலை செய்கிறீர்கள், இதற்கு முன் எங்கே தங்கியிருந்தீர்கள், ஏன் காலி செய்தீர்கள்' என்பவையே. முந்தைய வீட்டுக்காரரிடமோ பழைய ரூம்மேட்டிடமோ ஒரு முறை பேசிவிட்டால் பாதி ஜாதகம் தெரிந்துவிடும். கல்யாணத்துக்கு முன் நாலு இடத்தில் விசாரிக்கிறோம். ஓர் ஆண்டு ஒரே அறையில் படுத்து எழப் போகிறவரை விசாரிப்பது அநாகரிகம் என்று மட்டும் நினைக்கிறோம். ஒரு முறை நேரில், வெளியே ஒரு டீக்கடையில் சந்தித்துப் பேசுவது நல்லது. பெண்களாக இருந்தால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போவதும், போகும் இடத்தைத் தோழியிடம் சொல்லிவிட்டுப் போவதும் அவசியம். அறையைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. ராணுவ அதிகாரி என்றும், மாற்றலாகிப் போவதால் வீட்டை உடனே விடுவதாகவும் சொல்லிப் பணம் பறிக்கும் கும்பல்கள் நாடெங்கும் உண்டு. அட்வான்ஸைத் திருப்பி அனுப்ப க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். பணம் பெறுவதற்கு யாரும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. ஸ்கேன் செய்தால் போவது உங்கள் பணம்தான். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். ஒவ்வொரு மணி நேரத் தாமதத்திலும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது ஊர் என்ற பெயரில் நாம் உண்மையில் விசாரிப்பது எதை என்பது. 'சைவம் மட்டும்' என்ற நிபந்தனை சமையலறையைப் பற்றியது என்றால் அதில் குறை சொல்ல ஏதுமில்லை. பல சமயம் அது சாதி கேட்கும் நாகரிகமான வழி. மதம் கேட்கும் வழியும் அதுவே. தில்லியில் 'மதராஸி' என்று ஒதுக்கப்பட்ட கதையை ஆதங்கத்துடன் சொல்லும் நாமே, நம் கையில் ஓர் அறையின் சாவி வந்ததும் முஸ்லிம் பையனுக்கும் மணிப்பூர் பெண்ணுக்கும் 'இடமில்லை' என்கிறோம். கிட்வாய் நகரிலிருந்து அதிக தூரமில்லாத லாஜ்பத் நகரில் 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா தாக்கப்பட்டு இறந்தார். அதன்பின் மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு, வடகிழக்கு மக்கள் பெருநகரங்களில் எதிர்கொள்ளும் துன்பங்களை ஆராய்ந்து அதே ஆண்டில் அறிக்கை தந்தது. வாடகை வீட்டுக்கார்களால் அவர்கள் படும் பாடும் அவற்றில் ஒன்று. இதில் நியாயத்தைத் தாண்டி ஒரு நடைமுறை விஷயமும் உண்டு. சாதியும் ஊரும் பொருந்துகிறவர் வாடகையை ஒழுங்காகக் கட்டுவார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

எனக்குத் தெரிந்த கரூர் இளைஞர் ஒருவர் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டார். அவருக்கு அறையில் இடம் கொடுத்தவர் அடுத்த ஊர்க்காரர். வயதில் மூத்தவர் என்பதால் 'அண்ணே' என்றே கூப்பிட்டுவந்தார். அண்ணன் மூன்று பேரிடம் மூன்று மாத அட்வான்ஸ் வாங்கியிருந்தார். மாத வாடகையையும் அவர் கையில்தான் கொடுத்தார்கள். ஒருநாள் பூட்டின்மேல் இன்னொரு பூட்டு தொங்கியது. வீட்டு உரிமையாளருக்கு நான்கு மாதமாக வாடகையே போகவில்லை. மூவரின் பெயர்களும் அவருக்குத் தெரியாது. வாடகைக்கு எடுத்தவர் ஒருவர்தான், மற்றவர்கள் அவருடைய விருந்தாளிகள் என்றே நினைத்திருந்தார். அண்ணனின் போன் அணைந்திருந்தது. மூவரும் தங்கள் துணிமணிகளை எடுத்துக்கொள்வதற்கே இரண்டு நாள் கெஞ்ச வேண்டியிருந்தது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது. ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இல்லையென்றால் நீங்கள் விருந்தாளி. தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1958-இல் வந்தது. 1988-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள வீடுகளுக்கு அது பொருந்துவதில்லை. இன்றைய தில்லியில் அந்த வாடகைக்கு வீடு கிடைப்பது அரிது. ஆகவே உங்களைக் காப்பது பெரும்பாலும் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் நீங்கள் போட்ட ஒப்பந்தமும்தான். வேறு விதமாக எழுதிக்கொள்ளவில்லை என்றால் மாத வாடகைக் குடியிருப்பை முடித்துக்கொள்ளப் பதினைந்து நாள் நோட்டீஸ் போதும் என்பது அந்தப் பழைய சட்டத்தின் விதி. ஒரு மாத அவகாசம் வேண்டுமென்றால் அதை எழுதிக்கொள்ள வேண்டும். எல்லா ஒப்பந்தங்களும் பதினொரு மாதத்துக்கே இருப்பது ஏன் என்று பலர் கேட்பார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்வது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி கட்டாயம். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கக் கண்டுபிடித்த எண்தான் பதினொன்று.

பெயர் இருப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இருவர் சேர்ந்து கையெழுத்திட்டால் வாடகைக்கு இருவருமே முழுப் பொறுப்பு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், கூட்டாக வாக்குக் கொடுத்தவர்களில் யாரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்கிறது. பங்காளி ஓடிவிட்டால் அவருடைய பாதியும் உங்கள் தலையில்தான். பிறகு அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த உரிமையைப் பணமாக்க அவர் கிடைக்க வேண்டும். ஆகவே வீட்டுக்காரரோடு போடும் ஒப்பந்தம் தவிர, ரூம்மேட்டுகள் தங்களுக்குள் ஒரு பக்கத் தாளில் எழுதிக்கொள்வது நல்லது. யார் எவ்வளவு வாடகை, மின்சாரக் கட்டணம் எப்படிப் பிரிப்பது, ஏ.சி. யாருடையது, விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம், போக நினைப்பவர் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், மாற்று ஆளைக் கொண்டுவருவது யார் பொறுப்பு. இவ்வளவுதான். வாடகையை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி மூலமாக அனுப்பினால் அதுவே ரசீது. முடிந்தவரை உங்கள் பங்கை நேராக வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். நடுவில் ஓர் அண்ணன் வேண்டாம்.

வாடகைக்கு வருகிறவரைப் பற்றி வீட்டுக்காரர் போலீஸில் தெரிவிக்க வேண்டும் என்று தில்லி போலீஸ் உத்தரவு போடுவது வழக்கம். இதை வாடகைக்காரர்கள் தொல்லையாகவே பார்க்கிறார்கள். உண்மையில் அது உங்களுக்கும் பயன்படும் காகிதம். நீங்கள் அங்கே வசித்தீர்கள் என்பதற்கும், உங்களுடன் வசித்தவர் யார் என்பதற்கும் அது ஒரு பதிவு. போலீஸ் பதிவு வேண்டாம் என்று ஒருவர் அவசரமாகச் சொன்னால் அது நீங்கள் யோசிக்க வேண்டிய இடம். அடையாளத்துக்கு ஆதாரைக் கொடுக்கும்போது கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் படிவத்தைக் கொடுக்கலாம். ஆதார் ஆணையமே அதற்கு வசதி செய்திருக்கிறது. பட்டச் சான்றிதழின் அசலை யாரிடமும் அடமானமாக விட வேண்டாம். அறையிலும் பூட்டிய பெட்டியில்தான் இருக்க வேண்டும். ரூம்மேட்டுக்காக உங்கள் பெயரில் சிம் கார்டு வாங்குவது, அவசரம் என்று கேட்டார் என்பதற்காக வங்கிக் கணக்கை இரவல் கொடுப்பது, இரண்டும் கூடவே கூடாது. நூறு ரூபாய் கைமாற்றை மறந்துவிடலாம். உங்கள் கணக்கு வழியாக யாரோ ஒருவருடைய மோசடிப் பணம் போய்விட்டால் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவை.

இவ்வளவு பார்த்தும் மோசமான ரூம்மேட் வாய்க்கலாம். அப்போது முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, இது தொந்தரவா, ஆபத்தா என்பதை. நம்மவர்கள் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். சிங்க்கில் கிடக்கும் பாத்திரத்துக்காக ஆறு மாதம் பேசாமல் இருப்பார்கள். குடித்துவிட்டுக் கைநீட்டுகிறவனைப் பற்றி 'நம்ம பையன், என்ன செய்வது' என்று பொறுத்துப்போவார்கள்.

குறட்டை, பாத்திரம், நள்ளிரவில் போனில் சத்தமாகப் பேசுவது, உங்கள் ஷாம்புவைத் தன்னுடையதாக நினைப்பது எல்லாம் தொந்தரவு. இவற்றுக்கு மருந்து முதல் வாரத்திலேயே பேசிவிடுவது. மூன்றாவது மாதம் பேசினால் அது மூன்று மாதக் கோபத்தோடு வெளிவரும். 'நீ எப்போதும் இப்படித்தான்' என்று தொடங்கும் பேச்சு எங்கும் போய்ச் சேராது. 'காலை ஏழு மணிக்கு எனக்கு ஷிப்ட், பதினொன்றுக்கு மேல் வெளியே போய்ப் பேசுகிறீர்களா' என்றால் பெரும்பாலோர் கேட்பார்கள். கேட்காவிட்டால் ஒப்புக்கொண்டதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் எழுதி வையுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் காலி செய்வது தோல்வி அல்ல. அந்தப் பதினொரு மாதம் முடிந்ததும் மரியாதையாகப் பிரிந்துவிடலாம். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஒரே அறையில் தங்கி, ஒத்துவராமல் பிரிந்து, பிறகு வாழ்நாள் நண்பர்களானவர்களும் உண்டு.

ஆபத்து வேறு. அடிப்பது, மிரட்டுவது, பணம் திருடுவது, போதைப் பொருள் கொண்டுவந்து வைப்பது, அனுமதியின்றிப் படம் எடுப்பது. இவற்றில் சமரசத்துக்கு இடமில்லை. 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் ரகசியக் கேமராக்கள் இருந்தன. தங்கியிருந்த பெண்களே கண்டுபிடித்துப் புகார் கொடுத்தார்கள். விடுதி நடத்தியவர் கைதானார். அமெரிக்காவில் 2010 செப்டம்பரில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர் டைலர் கிளமென்டியின் அந்தரங்கத்தை அவருடைய ரூம்மேட் வெப்கேமரா வழியாகப் பார்த்தார். சில நாட்களில் கிளமென்டி ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்திலிருந்து குதித்து உயிரை விட்டார். அவருக்கு வயது பதினெட்டு. விளையாட்டு என்று ஒருவர் நினைப்பது அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதற்கு இது போதும். ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளை அனுமதியின்றிப் படம் எடுப்பதும் பரப்புவதும் நம் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். பெண்களை மறைந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் 2013 முதல் தனிக் குற்றம். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது.

இப்படி நேர்ந்தால் அந்த இரவை அங்கே கழிக்காதீர்கள். 112-ஐ அழைக்கலாம். பெண்களுக்கு 181-உம் உண்டு. எந்தக் காவல் நிலைய எல்லை என்று அலைக்கழித்தால், எல்லை பாராமல் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். உங்களை வெளியே தள்ளிப் பூட்டிவிட்டால், சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அனுபவத்தை மீட்கலாம் என்று 1963-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த அனுபவம் உங்களுடையது என்று காட்ட ஏதேனும் ஒன்று கையில் இருக்க வேண்டும். மறுபடியும் காகிதத்துக்கே வந்து சேருகிறோம்.

கெட்ட எண்ணமே இல்லாமல் உயிரை வாங்கக்கூடிய ரூம்மேட்டும் உண்டு. தில்லிக் குளிரில் அங்கீட்டி என்னும் கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறவர் அவர். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதனால் சாவுகள் நேர்கின்றன. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தூங்குகிறவர் எழுவதில்லை. கம்பளி போதாமல் நடுங்கும் தமிழ்ப் பையனுக்கு அந்த அடுப்பு வரமாகத் தெரியும். இதில் மட்டும் நட்பு, தாட்சண்யம் எதுவும் பார்க்க வேண்டாம். அடுப்பு வெளியே போக வேண்டும், இல்லையென்றால் நீங்கள் போக வேண்டும். காற்றோட்டமில்லாத குளியலறையில் உள்ள கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பெண்களுக்கு ஒரு வழி இன்னும் உண்டு. பணிபுரியும் மகளிர் விடுதிகளுக்கு உதவும் மத்திய அரசுத் திட்டம் 1972-73 முதல் இருக்கிறது. இப்போது அதன் பெயர் சகி நிவாஸ். தமிழ்நாட்டில் அரசு நடத்தும் 'தோழி' விடுதிகள் வந்திருக்கின்றன. தனியார் மகளிர் விடுதிகள் உரிமம் பெற்றே இயங்க வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சென்னையிலோ கோவையிலோ மகளை விடுதியில் சேர்க்கும் பெற்றோர் சாப்பாடு எப்படி என்று கேட்பதற்கு முன் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லலாம். கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கூச்சம்தான் இதில் எல்லாவற்றுக்கும் வேர் என்று தோன்றுகிறது. நம்மூர்க்காரரிடம் கையெழுத்துக் கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பாரோ என்ற கூச்சம். அண்ணனிடம் ரசீது கேட்பது மரியாதை இல்லையோ என்ற கூச்சம். கிட்வாய் நகரின் பின்னறைகளுக்கு ஒரு நியாயம் இருந்தது. அங்கே எழுதிக்கொள்வதற்கு வழியே இல்லை. இன்று வெளியே வாடகைக்கு வீடு எடுக்கிறவர்களுக்கு அந்த நியாயம் இல்லை. எழுதலாம், பதிவு செய்யலாம், வங்கி வழியாகக் கொடுக்கலாம். இருந்தும் பழைய பின்னறை வழக்கத்திலேயே வாழ்கிறோம்.

வீட்டில் பெரியவர்களாக இருப்பவர்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை ஊரிலிருந்து கிளம்பும் பையனுக்கோ பெண்ணுக்கோ ஒரு போன் எண்ணைக் கொடுக்கும்போது, அந்த எண்ணுக்கு உரியவரிடம் முதலில் நீங்கள் பேசுங்கள். 'பையனுக்கு ஒப்பந்தத்தில் பெயர் போட்டுவிடுவீர்களா?' என்று கேளுங்கள். நல்லவராக இருந்தால் அதற்கென்ன என்பார். 'நமக்குள்ளே எதற்கு அதெல்லாம்' என்று சொன்னால், பையனுக்கு வேறு எண் தேடுங்கள்.